டென்சில் பெயரில் எடுத்த படம்

ஆலை நிர்வாகம் எதையாவது இலவசமாகக் கொடுக்கிறது என்றால், கொடுக்கிற கைக்குப் பின்னால் எடுக்கிற கை ஒன்று இருக்கும் என்பது ஹோபர்ட் ஸ்லோனின் கட்சி. அதனால் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நுரையீரலைப் படம் எடுக்கும் வெள்ளைப் பேருந்து ஒன்று லாரி இருக்கைகள் செய்யும் ஆலையின் வாசலில் வந்து நின்றதும், அவர் அதைப் பார்க்காதவர் போல நடந்தார். சும்மா நடந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மனிதர் தலையைத் திருப்பிக்கொண்டு, கம்பிவேலி ஓரமாக ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போனார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!

கனம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். லாரல் ஃபோர்க்கில் பெரும்பாலும் எல்லாரும் புகைக்கிறவர்கள்தான். கென்டக்கி மலைப்பக்கத்தில் புகையிலை போட்டுப் பிழைத்த ஊர். இங்கே புகைக்காதவனைத்தான் உடம்புக்கு என்னவோ என்று பார்ப்பார்கள். ஆனால் ஆலையில் ஒவ்வொரு நவம்பரும் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு படிவம் வரும். 'புகைப்பழக்கம் உண்டா?' என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு கட்டம் போட்டிருக்கும். 'ஆம்' என்றால் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். நான்கு வருஷத்துக்கு முன்பு ஹோபர்ட் 'இல்லை'யில் ஒரு டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். மனைவி அர்லெட்டாவின் மூட்டுவாதத்துக்கு மாதம் ஒரு ஊசி என்று ஆரம்பித்த வருஷம் அது. காப்பீடு இல்லாமல் அந்த ஊசியை வாங்குவதென்றால் வீட்டை விற்றாலும் இரண்டு வருஷம் தாங்காது. ஊசி இல்லையென்றால் அவளால் காப்பிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாது. படிவத்தின் அடியில், சொன்னது பொய்யென்று தெரிந்தால் காப்பீடு ரத்து, குடும்பத்தினருக்கும் சேர்த்து, என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தார். எங்கள் ஆட்கள் எப்போதும் அப்படித்தான்.

அன்றிலிருந்து ஐம்பத்தொன்பது வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒளிந்து ஒளிந்து புகைத்தார். வேலைக்கு முன்னும் பின்னும், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ரயில் பாலத்துக்கு அடியில் போய் நிற்பார். புகைக்கென்றே ஒரு பழைய சட்டையை வண்டியில் வைத்திருந்தார். முடித்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கிரீஸ் கழுவும் பசையால் முழங்கைவரை தேய்த்துக் கழுவி, புதினா மிட்டாய் இரண்டை வாயில் போட்டுக்கொள்வார். யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், இவர் மூன்றாவது மிட்டாயைத் தேடுவார். ஆலை அலுவலகத்தின் ரமோனா டாக்கெட்டுக்கு வருஷம் முழுக்கச் சளி. ஹோபர்ட்டைப் பொறுத்தவரை அவள் மோப்பம் பிடிக்கிறாள்.

ஆலையில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அர்லெட்டாவின் அண்ணன் டென்சில் பெக்லி. அதே ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு, பிடித்தத்தையும் கொடுத்துவிட்டு, வாசலோரத் தகரக் கொட்டகையில் ராஜா மாதிரி உட்கார்ந்து புகைப்பார். மனைவி போன பிறகு டிரெய்லர் வீட்டில் தனிக்கட்டை.

பேருந்து வந்த அன்று மதியம் இருவரும் பாலத்தடியில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் மச்சான் இது," என்றார் ஹோபர்ட். "நம்ம நுரையீரல் மேல இவனுங்களுக்கு என்னய்யா திடீர்ப் பாசம்? யார் யார் உள்ள போறான்னு ரமோனா ஜன்னல்ல நின்னு எழுதிக்கிறா. நானே பாத்தேன்."

"அவ ஜன்னல்ல நின்னு சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்தா."

"தின்னுக்கிட்டே எழுத முடியாதா?"

டென்சில் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "என் பேரும் லிஸ்டுல இருக்கு. வியாழக்கிழமை. படம் எடுத்துக்கிட்டா ஒரு பன்றித் தொடை தர்றாங்களாம், உப்புக்கண்டம் போட்டது, முழுசா. நான் தொடைக்குத்தான் பேர் கொடுத்தேன். ஆனா போகப் போறதில்ல."

"ஏன்?"

"எங்கப்பா சொல்வாரு, டாக்டர்கிட்ட போற வரைக்கும் எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கும்னு. தேடிப் போய் எதுக்கு மாப்ள வாங்கிக் கட்டிக்கணும்?"

ஹோபர்ட் மேல்சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். நடுவில் காய்ந்துபோன சிவப்புக் கோடு ஒன்று இருந்தது.

"இது எப்போ?"

"ரெண்டு வாரம் முன்னாடி. காலைல இருமறப்ப. அதுக்கப்புறம் இன்னொரு தடவை."

டென்சில் அதைத் தொடவில்லை. கையிலிருந்த சிகரெட்டை ஜன்னலுக்கு வெளியே போட்டார். "அர்லெட்டாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நான் எப்படி மச்சான் அந்த பஸ்ல ஏறுவேன்? புகைக்கிறவனுக்குத்தான் படம். ஏறினாலே மாட்டினேன். அப்புறம் உன் தங்கச்சி ஊசிக்கு யார்கிட்டப் போய் நிப்பா?"

அந்த யோசனையை முதலில் சொன்னது யார் என்று பின்னால் இருவருக்குமே நினைவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோதே அது முடிவாகிவிட்டது. இரண்டு பேருக்கும் நரைத்த தாடி, ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரித் தொப்பை. டென்சிலின் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் படம் எட்டு வருஷப் பழசு. அதில் அவரே அவர் மாதிரி இருக்க மாட்டார். பேருந்தோடு வந்த நர்ஸ் லெக்சிங்டன் நகரத்துக்காரி, ஊரில் ஒருத்தரையும் தெரியாது. ஹோபர்ட்டுக்குப் படம், டென்சிலுக்குத் தொடை. யாருக்கு என்ன நஷ்டம்?

வியாழக்கிழமை, கடைசி ஆளாக, ரமோனா வீட்டுக்குக் கிளம்பிப் போனதை உறுதி செய்துகொண்டு, ஹோபர்ட் பேருந்தில் ஏறினார். நர்ஸ் சின்னப் பெண், பெயர் கெண்ட்ரா. உரிமத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் முதுகில் வியர்வை ஓடியது.

"மிஸ்டர் பெக்லி, ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?"

"ஒண்ணு."

எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் பாதிதான் சொல்வது. குடியானாலும் புகையானாலும் அதே கணக்கு. டாக்டர்களுக்கும் இது தெரியும். அவர்கள் பாட்டுக்கு இரண்டால் பெருக்கி எழுதிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லி, கடைசியில் உண்மை சரியாக வந்துவிடும்.

"அப்ப ரெண்டுன்னு போட்டுக்கறேன்," என்றாள் கெண்ட்ரா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். லெக்சிங்டனிலும் இந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது.

மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள், முடிந்துவிட்டது. இறங்கும்போது கெண்ட்ரா ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தாள். புகையை விடுவதற்கு மெல்லுகிற நிக்கோட்டின் சூயிங்கம். "படம் நல்லா வந்தாலும் வராட்டியும் விட்டுடறது நல்லதுங்க. வேணும்னா கூப்பிடுங்க, பேசலாம்." இதுவும் இலவசமா என்று ஹோபர்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியின் முன்பெட்டிக்குள் போட்டு மறந்துபோனார்.

பத்து நாள் அவர் சரியாகத் தூங்கவில்லை. பதினோராம் நாள் டென்சில் பாலத்தடிக்கு வந்து, வண்டிக் கதவைத் திறந்து, ஒரு கடிதத்தை அவர் மடியில் போட்டார்.

"படி மாப்ள."

டென்சில் பெக்லியின் நுரையீரலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அடுத்த வருஷம் மறுபடி வரவும் என்று இருந்தது. ஹோபர்ட் மூன்று தடவை படித்தார். உடனே சந்தேகம் வந்துவிட்டது. "இது என்னோடதுதானா? மாத்திக்கீத்தி அனுப்பிட்டாங்களா?"

"நல்லது சொன்னாலும் நம்ப மாட்டியா நீ?"

"அப்ப ரத்தம்?"

ரத்தம் ஈறிலிருந்து வந்திருக்கிறது. அடுத்த வாரம் பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியபோது சொன்னார். ஹோபர்ட் அன்று பாலத்தடியில் இரண்டு சிகரெட்டை ஒன்றன்பின் ஒன்றாக, பண்டிகை மாதிரி, புகைத்தார். விட்டுவிடுகிறேன் கடவுளே என்று அந்தப் பத்து நாளும் வேண்டிக்கொண்டது பல்லோடு போயிற்று.

டென்சிலின் கூத்து அதற்கு மேல். பன்றித் தொடையை டிரெய்லரின் சமையலறையில் கொக்கி போட்டு மாட்டினார். கடிதத்தைக் கொண்டுபோய்த் தகரக் கொட்டகையில் எல்லாருக்கும் காட்டினார். "நாற்பது வருஷம் ஊதியிருக்கேன்டா, பாரு, கழுவி வெச்ச மாதிரி இருக்கு!" அது வேறொருவருடைய நுரையீரல் என்பதைச் சொல்லிச் சொல்லியே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆசைப்பட்டதை நம்புவதற்கு மனுஷனுக்குச் சாட்சியா வேண்டும்?

நவம்பர் வந்தது. படிவமும் வந்தது. அந்த வருஷம் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: தேவைப்பட்டால் சோதனை செய்யப்படும். ஹோபர்ட் அந்த வரியை மறுபடி படித்தார். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யார்?

அப்போதுதான் அவர் கவனிக்க ஆரம்பித்தார். டென்சில் பாலத்தடிக்கு வருவதில்லை. தகரக் கொட்டகைக்கும் போவதில்லை. "விட்டுட்டேன் மாப்ள," என்றார் ஒருநாள், முகத்தைப் பார்க்காமல். எட்டாம் வகுப்பிலிருந்து புகைத்த மனுஷன், நுரையீரல் சுத்தம் என்று கடிதம் வந்த பிறகு விடுவானேன்? எலி அம்மணமாக ஓடுகிறதென்றால் சும்மாவா ஓடும்? அதற்கடுத்த வாரம் டென்சில் ரமோனாவின் அறையிலிருந்து வெளியே வருவதை ஹோபர்ட் பார்த்தார். வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்த்தார். கையில் ஏதோ காகிதம். இவரைக் கண்டதும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஹோபர்ட்டுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தார். புகையை விட்டவர்களுக்குப் பிடித்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது மட்டும் போதாதென்று, ஒளிந்து புகைக்கிறவனைக் காட்டிக்கொடுத்தால் இன்னும் ஏதோ கொடுப்பார்களாக இருக்கும். ஒரு பன்றித் தொடைக்குப் பெயரைக் கொடுத்தவன் இரண்டு தொடைக்கு எதைத்தான் கொடுக்க மாட்டான்? முப்பத்திரண்டு வருஷ மைத்துனனைப் பற்றி ஒரே வாரத்தில் இப்படி யோசிக்கத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"எங்கண்ணன் ஏன் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றதில்ல?" என்று அர்லெட்டா கேட்டாள்.

"என்னைக் கேட்டா? மனசுல ஏதாவது இருக்கும்."

"அவன் மனசுல பன்னித் தொடையைத் தவிர என்னப்பா இருக்கப் போகுது?" அவள் சிரித்தாள். கைகள் மாவில் இருந்தன. பிஸ்கட் என்று எங்கள் பக்கம் சொல்லும் மெத்தென்ற ரொட்டிக்கு மாவை அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தினாள். நான்கு வருஷத்துக்கு முன்பு அந்த விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கிக் கிடந்தன. ஹோபர்ட் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, நேரே டென்சிலின் டிரெய்லருக்கு வண்டியை விட்டார். இன்று இரண்டில் ஒன்று.

கதவு திறந்தே இருந்தது. டென்சில் சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரமோனாகிட்ட என்ன சொன்ன?"

"வா மாப்ள. உக்காரு."

"உக்கார வரல. என்ன எழுதிக் கொடுத்த அவகிட்ட? உன் கூடப் பொறந்தவ ஊசியைவிட அந்தப் பிடித்தக் காசு பெருசாப் போச்சா உனக்கு?"

டென்சில் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியது. கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்றார். பொறுத்த அந்த நேரத்தில் ஹோபர்ட்டின் பார்வை சமையலறைப் பக்கம் போயிற்று. பன்றித் தொடை கொக்கியில் அப்படியே தொங்கியது. ஓரத்தில் ஒரே ஒரு துண்டு மட்டும் அறுத்திருந்தது. ஒரு தொடையை ஒன்பது நாளில் தனியாளாகத் தின்று முடிக்கிற மனுஷன் இவர். ஹோபர்ட் அவரைத் திரும்பிப் பார்த்தார். உண்மையில் அன்றுதான் பார்த்தார். தொப்பை இல்லை. இடுப்புப் பெல்ட்டில் ஆணியால் குத்தின புது ஓட்டைகள், மூன்று.

"லீவுக் காகிதம்," என்றார் டென்சில், மூச்சு வந்ததும். "ரமோனாகிட்ட அதுக்குத்தான் போனேன். நின்னு வேலை செய்ய முடியல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"ரெண்டு தடவை. அந்தச் சின்னப் பொண்ணு, ஃபுகேட் வீட்டுப் பொண்ணு, நல்லாத்தான் பாக்குறா. கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, 'செப்டம்பர்ல படம் சுத்தமா இருக்கு பெக்லி, நுரையீரலப் பத்திக் கவலைய விடுங்க'ன்னா. மூச்சுக்கு ஒரு பம்ப்பு கொடுத்தா. வயித்துல புண்ணு இருக்கும்னு மாத்திரை கொடுத்தா. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கா. குழாய் விட்டு வயித்தப் பாக்கணுமாம்."

ஹோபர்ட் உட்கார்ந்தார். 

"சொல்ல வேண்டியதுதானேய்யா! அது என் படம் இல்லம்மான்னு ஒரு வார்த்தை!"

"யாரோடதுன்னு கேப்பாளே." டென்சில் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார். "போன மாசம் அர்லெட்டா எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தா, பாத்தியா? கையால பின்னினது. அவ கை மறுபடி அப்படி மடங்கறத நான் பாக்க மாட்டேன். என் பேரக் கொடுத்தது நான்தானே. உன்னை யாரும் கட்டாயப்படுத்தலன்னு எனக்கும் தெரியும், என்னை யாரும் கட்டாயப்படுத்தலன்னு உனக்கும் தெரியும்."

இதைக் கேட்டதும் ஹோபர்ட்டின் மனதில் முதலில் எழுந்தது நிம்மதி: அப்பாடா, சொல்லவில்லை. அந்த நிம்மதியை அவரே கண்டுகொண்டார். அடுத்த நொடி வெட்கம் வந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை. ஊரில் ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டாயிற்று. சந்தேகப்பட வேண்டிய ஆள் தினமும் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் அர்லெட்டா சூடான பிஸ்கட் நான்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "அண்ணன் திங்கறானா பாத்துட்டு வா." அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், ஊசி போனால் போகட்டும் என்று அவள் சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லிவிட்டால் பாரம் அவள் தலையில் ஏறும். கட்டத்தில் டிக் அடித்தது அவள் கை இல்லையே.

டென்சில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஹோபர்ட்டின் கை பழக்கத்தில் பாக்கெட்டை எடுத்தது. பக்கத்தில் அந்த மூச்சுச் சத்தம். பாக்கெட்டைத் திரும்ப வைத்தார். முன்பெட்டியைத் துழாவி, கெண்ட்ரா கொடுத்த கம்மை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மிளகைக் கடித்த மாதிரி எரிந்தது. கிளினிக் போகிற இருபத்தைந்து நிமிஷமும் பிஸ்கட் டென்சிலின் மடியில் பிரிக்காமல் இருந்தது.

டாக்டர் ஃபுகேட் மென்மையாகத்தான் பேசினாள். திரையைப் பார்த்தாள். "நல்ல விஷயம் என்னன்னா நுரையீரல் சுத்தமா இருக்கு. படம் எடுத்து மூணு மாசம்கூட ஆகல. அதனால நாம வயித்துலதான் தேடணும்."

"சரிங்கம்மா," என்றார் டென்சில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்தப் படம் இவரோடது இல்ல," என்றார் ஹோபர்ட்.

டாக்டர் திரும்பினாள்.

"அவன் உளர்றாம்மா," டென்சில் அவசரமாகக் குறுக்கே வந்தார். "காலைல ஒண்ணும் சாப்பிடல. யோவ் மாப்ள, வெளில போய் உக்காருய்யா. நீங்க குழாய விடுங்கம்மா, நான் முழுங்கறேன்."

"நீ சும்மா இரு மச்சான். அம்மா, இவர் அந்த பஸ்ல ஏறவே இல்ல. இவர் கார்டை வெச்சுக்கிட்டு ஏறினது நான். நீங்க பாக்கற நுரையீரல் என்னோடது. இவரோடத இதுவரைக்கும் யாருமே பாக்கல."

 டாக்டர் திரையை விட்டு எழுந்து வந்து, டென்சிலின் கழுத்தெலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கட்டி மாதிரி ஏதோ தட்டுப்பட்ட ஒரு இடத்தில் விரல் நின்றது. அவள் முகம் மாறியதை ஹோபர்ட் பார்த்தார். மேஜைக்குப் போய் போனை எடுத்து, இன்றே ஒரு படம் வேண்டும், இப்போதே அனுப்புகிறேன் என்று யாரிடமோ சொன்னாள். வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

"இதை நான் எழுதியாகணும். அவர் பதிவுல இருக்கற படத்த நீக்கி, யாரோடதுன்னு போடணும். போட்டா அது எங்கெங்க போகும்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

ஹோபர்ட்டின் கண் முன்னால் மாவில் புதைந்த பத்து விரல்கள் வந்தன. 

"எழுதுங்கம்மா. ஹோபர்ட் ஸ்லோன்." பிறந்த தேதியைச் சொன்னார். ஆலையின் பெயரையும், அவள் கேட்காமலே, சொன்னார்.

"புகை பிடிப்பீங்களா?"

நான்கு வருஷமாகப் பேனா முனையில் 'இல்லை' என்று சொன்ன கேள்வி. பக்கத்தில் டென்சில் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் நீண்டு வந்து ஹோபர்ட்டின் சட்டைக் கையைப் பிடித்தது.

"ஆமா. நாற்பத்தோரு வருஷமா."

"ஒரு நாளைக்கு?"

"ரெண்டு பாக்கெட்."

பேனா நின்றது. அவளும் இந்த ஊர்ப் பெண்தானே. "அப்ப நாலா?"

"இல்லம்மா. ரெண்டுதான். இன்னிக்கு மட்டும் இன்னும் ஒண்ணும் பத்த வைக்கல."

சொன்னதைச் சொன்னபடியே அவள் எழுதிக்கொண்டாள்.